அர்ச்சுனன் மகனுக்குக் கட்டியக்காரன் சொன்னது

வாடா, அர்ச்சுனன் பெத்த பிள்ளை. திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் மூணு நாள் வெச்ச குழம்பு மாதிரி இருக்கு?

சொல்லாதே, நானே சொல்றேன். ஆரணி பஸ்ஸில பக்கத்து சீட்டுக்காரர் கேட்டிருப்பாரு. "நீ அர்ச்சுனன் வேஷக்காரர் மகன்தானே? நீ கட்டை கட்டி ஆடலையா?" கேக்கத்தான் செய்வாங்க. தெள்ளார்ல ஏறி ஆரணியில எறங்கறதுக்குள்ள கண்டக்டரைச் சேத்து நாலு பேர் கேப்பாங்க. டிக்கெட்டுக்குக் காசு வாங்குவாங்க, இதுக்குக் காசு கிடையாது. அனுபவிச்சுட்டுப் போ.

நான் நாப்பது வருஷம் கட்டியக்காரன் வேஷம் போட்டவன். திரைக்கு முன்னால நின்னுக்கினு துரியோதன மகாராஜாவையே "யாருய்யா நீ, எந்த ஊரு, வழியில சாப்டியா?"ன்னு கேட்ட வாயி இது. ராஜாவைக் கேலி பண்ணியே சோறு தின்னாச்சு. ராஜா மகனைக் கேலி பண்றது எனக்குப் புதுசா? கோவிச்சுக்காம கேளு.

முதல்ல உன் தப்பை ஒத்துக்கோ. பொறக்கும்போது நீ விசாரிக்கல. டீக்கடைக்காரர் வீட்டில பொறந்திருந்தா "உங்கப்பா டீ மாதிரி வராது"ன்னு தெருவோட முடிஞ்சிருக்கும். நீ போய் அர்ச்சுனன் வீட்டைப் பாத்துப் பொறந்தே. டிவியில பறந்து போறானே வீரன், அவன் முதுகில ஒரே ஒரு துணிதான் தொங்குது. நம்ம அர்ச்சுனனுக்குத் தலையில கிரீடம், தோள்ல புஜகீர்த்தி, நெஞ்சில மார்ப்பதக்கம், கால்ல சலங்கை. கல்யாண முருங்கை மரத்தில செதுக்கினது, எடை கம்மிதான்னு சொல்லுவாங்க. ராத்திரி பத்து மணிக்குக் கட்டி விடிகாலை ஆறு மணிக்கு அவுக்கிறவன்கிட்ட போய் அந்த எடையைக் கேளு.

விடிஞ்சப்புறம் உங்கப்பனை நான் பாத்திருக்கேன். நீயும் பாத்திருப்பே. ஜனமெல்லாம் பாயைச் சுருட்டிக்கினு போயிடும். பந்தலுக்குப் பின்னால ஒரு பெஞ்சில உக்காந்து, தேங்காய் எண்ணெயைக் கையில ஊத்தி மூஞ்சியில தேய்ப்பான். அரிதாரம் கொழகொழன்னு கரைஞ்சு கழுத்து வழியா ஓடும். கிழிஞ்ச வேட்டித் துண்டால துடைப்பான். ஒரு கன்னத்தில அர்ச்சுனன் இருப்பான், இன்னொரு கன்னத்தில ரேஷன் கடைக்குப் போக வேண்டிய ஆளு இருப்பான். தோள்ல கயிறு இறுக்கின தடம் செவசெவன்னு நிக்கும். ஊரு பாத்தது ராத்திரி ஆளை. உனக்கு வாய்ச்சது காலை ஆளு. ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு ஊர் சொல்லுது. உனக்கு அது அவ்வளவு நிச்சயமா தெரியல. அதானே?

அர்ச்சுனன் தபசு அன்னைக்கு நடந்ததை நீ மறந்திருப்பே, நான் மறக்கல. உனக்கு அப்போ ஏழெட்டு வயசு. திரௌபதி அம்மன் கோயில் மைதானத்தில தபசு மரம் நட்டிருந்தாங்க. உங்கப்பன் பாட்டுப் பாடிக்கினே ஒவ்வொரு படியா ஏறினான். உச்சியில உக்காந்து பூ, விபூதி, எலுமிச்சம்பழம் எல்லாம் அள்ளி வீசினான். கீழே பிள்ளை இல்லாத பொம்பளைங்க ஈரப் புடவையோட மடியேந்தி நிக்கிறாங்க. அந்தப் பழம் மடியில விழுந்தா பிள்ளை பொறக்கும்னு நம்பிக்கை. ஊருக்கெல்லாம் பிள்ளை வரம் குடுக்கிறான் மேல இருக்கிறவன். அவன் பெத்த பிள்ளை எங்கே இருந்தான்? மரத்தடியில அப்பன் செருப்புக்குக் காவல் இருந்தான். உன் மேலயும் ஒரு பழம் விழுந்துச்சு. பொறுக்கி உப்பு போட்டுச் சப்பிட்டே. பூசாரி துரத்தினாரு, ஞாபகம் இருக்கா?

அன்னைக்கே எனக்குத் தோணிச்சு, பாரதத்தை எழுதினவனுக்கு வீரன் வீட்டுப் பிள்ளைங்க மேல ஏதோ கடுப்பு இருந்திருக்கணும். அரவானை எடுத்துக்கோ. களபலி குடுக்கணும், முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தின ஆம்பிளை வேணும்னாங்க. தேடிப் பாத்தா பாண்டவர் பக்கம் மூணே பேரு. கிருஷ்ணன் ஒருத்தன், அர்ச்சுனன் ஒருத்தன், அர்ச்சுனன் மகன் அரவான் ஒருத்தன். கிருஷ்ணன் போனா கதை நின்னுடும். அர்ச்சுனன் போனா சண்டை நின்னுடும். அப்புறம் என்ன, பையனைக் கூப்பிடு. கூவாகத்தில சித்திரை மாசம் அவனுக்குத் தாலி கட்டி மறுநாளே அறுத்து அழறாங்களே, அந்த அழுகையில ஒரு பங்கு அப்பனுக்குப் பதிலா போன எல்லாப் பிள்ளைக்கும் சேந்ததுன்னு நான் நினைச்சுப்பேன்.

அடுத்தவன் அபிமன்னன். அம்மா வயித்திலயே டியூஷன். எதிரி வியூகத்துக்கு உள்ளே போறது வரைக்கும் பாடம் காதில விழுந்துச்சு, வெளியே வர்ற பாடம் வரும்போது சுபத்திரை தூங்கிட்டா. யுத்தத்தில அப்பன் வேற பக்கம் சண்டைக்குப் போயிட்டான். "நீ அர்ச்சுனன் மகனாச்சே, உனக்குத் தெரியாததா?"ன்னு பெரியப்பன் தட்டிக் குடுத்து உள்ளே அனுப்பிட்டான். பஸ்ஸில உன்கிட்ட கேட்டாரே, அதே கேள்விதான்டா. கடோத்கஜன் பீமன் மகன். கர்ணன்கிட்ட இருந்த ஒத்தை வேல் அர்ச்சுனனுக்குன்னு வெச்சிருந்தது, அதை இவன் நெஞ்சில வாங்கினான். திரௌபதி பெத்த அஞ்சும் தூக்கத்திலயே போச்சு. அப்பன்மார் அஞ்சு பேரும் முழுசா மிஞ்சினாங்க. இதுக்குப் பேரு தர்மயுத்தம். நான் மேடையில இதைச் சொன்னப்போ வாத்தியார் திரைக்குப் பின்னால இருந்து தாளத்தை என் மேல எறிஞ்சாரு.

சரி, பாரதம் கதை. நம்ம ஊரு சங்கதிக்கு வா. அது கல்வெட்டு.

தெள்ளாறுன்னா இன்னைக்கு உனக்கு ஒன்றிய ஆபீஸும் பஸ் ஸ்டாண்டும். 9-ம் நூற்றாண்டில இந்த மண்ணுலதான் மூணாம் நந்திவர்மன்னு பல்லவ ராஜா பாண்டியன் சீமாறன் சீவல்லபனைப் போட்டு அடிச்சான். ஒரே சண்டை, வாழ்நாள் பட்டம். கல்வெட்டிலேயே 'தெள்ளாறெறிந்த' நந்தின்னு வெட்டிட்டாங்க. 'எறிந்த'ன்னா அழிச்சதுன்னு அர்த்தம். நம்ம பசங்க "கல்லா தாத்தா எறிஞ்சாரு?"ன்னு கேப்பாங்க. அவன் மேல நந்திக் கலம்பகம்னு ஒரு நூல், கலம்பகத்தில நமக்குக் கிடைச்சதிலேயே பழசு. அதைக் கேட்டா உயிர் போகும்னு தெரிஞ்சும் தமிழ் ஆசையில சிதை மேல உக்காந்து கேட்டான்னு ஒரு கதை கட்டியிருக்காங்க. பாத்துக்கோ, சாகறப்பவும் அந்தாளுக்குப் பாட்டுக் கச்சேரி. அவனுக்கு அவனிநாரணன்னு ஒரு பட்டப்பேரு உண்டு. கடல் தாண்டி தாய்லாந்தில தகுவாபாங்கிற இடத்தில கிடைச்ச தமிழ்க் கல்வெட்டில அவனிநாரணம்னு ஒரு குளத்துப் பேரு இருக்கு. அவன் பேரில கடலுக்கு அந்தாண்டை குளம் வெட்டியிருக்காங்கடா!

இப்போ கட்டியக்காரன் கேக்கிறேன், சொல்லு. நந்திவர்மன் மகன் பேரு இன்னா?

முழிக்கிறே. தெள்ளார்ல பொறந்த நீயே முழிக்கிறே.

நிருபதுங்கன். அவங்கம்மா சங்கா, ராஷ்டிரகூடர் வீட்டுப் பொண்ணு. அந்தக் குலத்தில அமோகவர்ஷன்னு பெரிய ராஜா இருந்தான், அறுபது வருஷத்துக்கு மேல ஆண்டவன், அவனுக்கும் நிருபதுங்கன்னு பட்டம். அவன்தான் தாய்வழித் தாத்தான்னும் அந்தப் பேரைத்தான் பேரனுக்கு வெச்சாங்கன்னும் சரித்திரக்காரங்க சொல்றாங்க. பிள்ளைக்கு சொந்தப் பேரு கூடக் கிடையாது பாரு. பேரு தாத்தனது, நாற்காலி அப்பனது.

அது மட்டும்னா பரவாயில்ல. அப்பன் தெள்ளாத்தில அடிச்ச பாண்டியன் அதோட அடங்கல. குடமூக்கில, அதான் இன்னைக்குக் கும்பகோணம், பல்லவனையும் அவன் கூட்டாளிகளையும் திருப்பி அடிச்சதா பாண்டியர் சின்னமனூர் செப்பேடு சொல்லுது. கலம்பகக்காரங்க இதை விட்டுட்டாங்க. ஜெயிச்ச வரைக்கும் பாடிட்டுத் தோத்த இடத்தில ஆர்மோனியத்தை மூடிடுவாங்க, நம்ம பின்பாட்டுக்காரங்க மாதிரியே. அந்தத் தோல்விக்குப் பதில் குடுத்தவன் மகன். முன்னே பாண்டியன்கிட்ட தோத்த படை, நிருபதுங்கன் தயவில அரிசிலாத்தங்கரையில எதிரியை ஜெயிச்சுதுன்னு பாகூர் செப்பேட்டில இருக்கு. அப்பன் வெச்சுட்டுப் போன கடனை மகன் தீத்தான். அந்தச் செப்பேடே எதுக்குப் போட்டாங்கன்னு கேளு. அவன் ஆட்சியோட எட்டாவது வருஷம், புதுச்சேரி பக்கம் பாகூர்ல இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூணு ஊரை எழுதி வெச்சது. ராஜாவுக்குக் கீழே இருந்த ஒரு தலைவன் கேட்டான், ராஜா குடுத்தான்.

அப்பன் தெள்ளாறெறிந்தான். மகனை 'அரிசிலெறிந்த நிருபதுங்கன்'னு கூப்பிட்டு யாரும் பட்டம் கட்டின மாதிரி தெரியல. கலம்பகம் இல்ல. சிதை மேல உக்கார வெச்சுக் கதை கட்டல. ஆனா கல்வெட்டுக் கணக்கில அவன் ஆட்சி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல நீண்டிருக்கு. பேசாம ஆண்டிருக்கான். பாட்டு இல்லேன்னா ராஜா வேலையைச் செய்ய நேரம் கிடைக்கும்போல.

அவனுக்கப்புறம் அந்த வம்சத்துக் கடைசியில ஒருத்தன் வந்தான். பேரு அபராஜிதன். தோல்வியே அறியாதவன்னு அர்த்தம். ஆதித்த சோழன்கிட்ட தோத்தான். ராஜ்யமும் போச்சு. இதுக்குத்தான் சொல்றேன், பேரு வைக்கும்போது அடக்கமா வைக்கணும். நாளைக்கு உனக்குப் பிள்ளை பொறந்தா குப்பன்னு வை. அவன் எது பண்ணாலும் பேருக்கு மேல லாபம்தான்.

கவாஸ்கரைப் பாரு. டெஸ்டில 34 செஞ்சுரி. மகனுக்கு ரோஹன் ஜெய்விஷ்வான்னு வெச்சாரு. ரோஹன் கன்ஹாய்ல ஒரு துண்டு, ஜெய்சிம்மாவில ஒரு துண்டு, விஸ்வநாத்தில ஒரு துண்டு. வீட்டுப் பேரு கவாஸ்கர். தொட்டில்ல கிடக்கிற குழந்தை மேல நாலு மட்டையை அடுக்கினா அது எங்கே புரண்டு படுக்கும்? பையன் இந்தியாவுக்கு 11 ஒருநாள் ஆட்டம் ஆடினான். உன் தெருவில ஒருத்தன் இந்தியாவுக்கு 11 ஆட்டம் ஆடினா பேனர் வெச்சு ஊரை மறைச்சிருப்போம். கவாஸ்கர் மகன் ஆடினா "பதினொண்ணுதானா?"ன்னு கேப்போம். ஆஸ்திரேலியாவில பிராட்மேன், சராசரி 99.94, இன்னைக்கு வரைக்கும் கிட்டப் போக ஆளில்ல. அவர் மகன் ஜான் 1972-ல வீட்டுப் பேரையே பிராட்சென்னு மாத்திக்கினாரு. பிற்பாடு பழைய பேருக்கே திரும்பினாரு. நடுவில அவ்வளவு வருஷம் அந்த மனுஷன் கடையில, பாங்கில, பஸ்ஸில நிம்மதியா இருந்திருப்பாரு. நீயும் பேரை மாத்தலாம். ஆனா உன் மூக்கு உங்கப்பன் மூக்கு. அதுக்கு கெஜட்டில இடமில்ல.

கேலியை ஒரு நிமிஷம் ஓரமா வைக்கிறேன். காந்தி தாத்தாவுக்கு ஹரிலால்னு மூத்த மகன். சீமைக்குப் போய் வக்கீல் படிக்கணும்னு ஆசை. ஒருத்தரை இங்கிலாந்தில படிக்க வைக்க நண்பர் ஒருத்தர் பணம் தந்தாரு. காந்தி அதைத் தன் மகனுக்குக் குடுக்கல, வேற பையனுக்குக் குடுத்தாரு. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை கூடாதுன்னாரு. ஊருக்கு அது நியாயம். 1911-ல மகன் வீட்டை விட்டுக் கிளம்பிட்டான். அப்புறம் அவன் வாழ்க்கை தேறவே இல்ல. 1948 ஜனவரியில அப்பா போனாரு, ஜூன் மாசம் மகன் பம்பாயில போயிட்டான். தபசு மரத்தடியில நின்ன உன்னை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஹரிலால் ஞாபகம் வரும். ஊருக்கு வீசற பழம் வீட்டுக்கு வராது. வந்தாலும் பூசாரி துரத்துவான்.

சரி சரி, கண்ணைத் துடை. கட்டியக்காரன் அழ வெச்சா கூலியில பிடிச்சுப்பாங்க.

எல்லாரும் ஓடித்தான் போகணும்னு நான் சொல்லல. செய்யாறு பக்கம் புரிசையைப் பாரு. தலைமுறை தலைமுறையா அதே கூத்து. கண்ணப்பத் தம்பிரான் ஆடினாரு, மகன் சம்பந்தன் ஆடறாரு, யாரும் குறைஞ்சு போகல. அவருக்குக் கால் தானா தாளத்துக்குப் போகுது, ஆடறாரு. உனக்குப் போகல. பத்து வயசில உனக்குப் பாலகிருஷ்ணன் வேஷம் கட்டினோமே, சபை நடுவில நின்னுக்கினு முன்வரிசைக் கிழவி புடவை முந்தானையையே வெறிச்சுப் பாத்தே. பாட்டு நின்னு போச்சு. ஊரே சிரிச்சுது. அவன் கரை டிசைன் பாக்கிறான்னு எனக்கு மட்டும் தெரிஞ்சுது.

இப்போ நீ ஆரணியில பட்டுப் புடவைக்கு டிசைன் போடறே. கட்டம் கட்டமா புள்ளி வெச்சு, அதை ஜக்கார்டு பெட்டிக்கு ஏத்தற வேலை. "அர்ச்சுனன் மகன் அட்டை குத்தறானாம்"னு கடைத்தெருவில சிரிக்கிறாங்களாம். சிரிக்கட்டும். சினிமாவில சூர்யா இருக்காரே, நடிக்க வர்றதுக்கு முன்னே ஏற்றுமதித் துணி கம்பெனியில வேலை பாத்தவரு. சிவகுமார் மகன்னு அங்கே சொல்லிக்கலையாம். நல்ல பிள்ளை. ஆனா கடைசியில அவரும் 1997-ல நேருக்கு நேர் படத்தில அப்பன் தொழிலுக்கே வந்துட்டாரு. துணியில நிலைச்சவன் நீதான்டா. அந்த வகையில அவரை ஜெயிச்சுட்டேன்னு பஸ்ஸில யாராவது கேட்டா சொல்லிக்கோ.

ஒரு சங்கதி சொல்றேன், ஆத்தா, அதான் என் வீட்டுக்காரி, காதில விழாம மெதுவா. போன தை மாசம் பேத்தி கல்யாணத்துக்கு ஆரணியில புடவை எடுத்தோம். உன் ஆத்தா முப்பது புடவையைப் பிரிச்சுப் போட்டுட்டு, அரக்குல பச்சைக் கரை போட்டது ஒண்ணைப் பிடிச்சுக்கினா. விட மாட்டேன்னுட்டா. கரையில வரிசையா சின்னச் சின்ன வட்டம், நடுவில ஒரு காம்பு. மாங்கா இல்ல, பொட்டு இல்ல, ருத்திராட்சமும் இல்ல. கடைக்காரப் பையனுக்கே பேரு தெரியல. நான் கண்ணாடியைப் போட்டுக்கினு கிட்டே வெச்சுப் பாத்தேன். எலுமிச்சம்பழம். யாரு போட்ட டிசைன்னு கேட்டேன். "தெள்ளார் பக்கத்துப் பையன் ஒருத்தன்"னாரு முதலாளி. அர்ச்சுனன் மகன்னு அவர் சொல்லல. அவருக்குத் தெரியாது போல. நானும் சொல்லல.

என்னடா, மூஞ்சி மாறுது? குழம்பு சூடாயிடுச்சா?

அந்தப் புடவையில உன் பேரு எங்கேயும் இல்ல. நெய்தவன் பேரும் இல்ல. அரிசிலாத்தங்கரையில ஜெயிச்சவனுக்கும் யாரும் பட்டம் கட்டலையே.

போதும், எழுந்திரு. நாளைக்கு ராத்திரி அபிமன்னன் சண்டை. பையன் வேஷக்காரன் நடுச்சபையில தனியா மாட்டிக்கினு சுத்தும்போது, உங்கப்பன் திரைக்குப் பின்னால உக்காந்து டீ குடிச்சுக்கினு இருப்பான். கிரீடத்தை அவுக்க முடியாது, அடுத்த கட்டம் அவனுது. அப்போ போய்ப் பக்கத்தில உக்காரு. தோள்ல கட்டின கயித்தைக் கொஞ்சம் தளர்த்தி விடு. வலிக்குதுன்னு அவன் யார்கிட்டயும் சொல்ல மாட்டான்.